வாசல் படி பேவர் பிளாக்குக்கு ஜாயிண்ட்: எது நிற்கிறது, எது கரைகிறது

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கடைக்குக் கிளம்பலாம். மழையும் வெயிலும் நேராகப் படும் படிக்கட்டில் பேவர் பிளாக் பதித்திருந்தால், இடுக்கை அடைக்க லேட்டக்ஸ் என்கிற பால் மாதிரித் திரவம் கலந்த சிமெண்ட் கலவைக்குத்தான் என் ஓட்டு. ஆனால் இடுக்கு 8 மில்லிமீட்டராவது அகலம் இருக்க வேண்டும். ஒட்டி ஒட்டிப் பதித்து 3 மில்லிமீட்டர் இடுக்குதான் இருக்கிறது என்றால் கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன். எந்தப் பொருள் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் டேப்பை எடுத்து இடுக்கை அளந்து பாருங்கள். கடைக்காரர் இதைக் கேட்கவே மாட்டார், எத்தனை சதுர அடி என்றுதான் கேட்பார்.

எங்கள் வீடு வட சென்னையில் தண்டையார்பேட்டை, அக்கா வீடு திருவொற்றியூர். இந்தப் பக்கம் படி இல்லாத வீடு அபூர்வம். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவு இருந்தாலும் ரோடு என்னவோ ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று வரிசையாகப் பார்த்தபிறகு புதிதாகக் கட்டுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே தரையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஏறி இறங்க படி. கிரானைட் போட்டால் மழையில் வழுக்குகிறது, வயசானவர்கள் இருக்கும் வீட்டில் அது வேண்டாத வேலை. அதனால் சொரசொரப்பான பேவர் பிளாக்கைப் படிக்கும் போடும் பழக்கம் வந்துவிட்டது. பிளாக் நல்லதுதான், 60 மில்லிமீட்டர் பிளாக் என்பது கார் ஏறி இறங்கவே போதும், நாம் நடப்பதற்குத் தாராளம். சிக்கல் எல்லாம் பிளாக்குக்கு நடுவில் இருக்கிற இடுக்கில்தான்.

தரையில் போடுகிற பேவர் பிளாக்குக்கும் படியில் போடுவதற்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. தரையில் நாலு பக்கமும் கெர்ப் கல் எனும் ஓரக்கல் இறுக்கிப் பிடித்திருக்கும், கீழே மணல் படுகை, மேலே மெஷின் போட்டு அதிர வைத்து இடுக்கில் மணலை இறக்குவார்கள், அந்த மணல்தான் ஒரு பிளாக்கின் பாரத்தைப் பக்கத்து பிளாக்குக்குக் கடத்துகிறது. சாலை வேலைக்கு விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் பேவர் பிளாக் வழிகாட்டி, ஐஆர்சி எஸ்பி 63, இடுக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் என்று சொல்வது இந்த முறைக்குத்தான். படியில் முன் விளிம்பு திறந்து கிடக்கிறது. பிடிக்க ஆள் இல்லை. நாம் இறங்கும்போது முழு எடையும் விழுவது அந்த விளிம்பு வரிசையில்தான். மழை பெய்தால் மேல்படித் தண்ணீர் கீழ்ப்படிக்கு அருவியாக இறங்கும். அடியில் இருப்பது மணல் இல்லை, பெரும்பாலும் செங்கல் கட்டோ கான்கிரீட்டோ, ஆக உள்ளே போன தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழி கிடையாது.

இதோடு நம் ஊர் வாசலுக்கே உள்ள ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் தண்ணீர் தெளித்து, தென்னந்துடைப்பத்தால் கூட்டி, கோலம் போடுகிறோம். வெளிநாட்டு வீடியோவில் ஜாயிண்ட் பொருள் விற்கிறவர் மழையைப் பற்றிப் பேசுவார், பனியைப் பற்றிப் பேசுவார், தென்னந்துடைப்பத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஈர்க்குச்சி நுனி இடுக்குக்குள் போய் மணலை நெம்பி எடுக்கிற அழகைக் குனிந்து பார்த்தால்தான் புரியும். மழைக்குக்கூட அசையாத மணல் துடைப்பத்துக்கு அசைந்துவிடும்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

வெறும் மணல். பக்கத்து காம்பவுண்டில் எம்சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல், குவித்திருந்தால் அதையே இரண்டு பாண்டு அள்ளிக் கொட்டிப் பெருக்கிவிடுவதுதான் வழக்கம். எம்சாண்டில் 4.75 மில்லிமீட்டர் வரை துகள் இருக்கும், 3 மில்லிமீட்டர் இடுக்கில் அது எப்படி இறங்கும்? வாயிலேயே அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். மணல்தான் போடுவது என்றால் பூச்சுவேலைக்கு விற்கிற பிசாண்ட், 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும். ஈர மணல் இடுக்கில் இறங்காது. காசிமேட்டுப் பக்கம் சிலர் கடற்கரை மணலை அள்ளிவந்து போடுவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அந்த உப்பு பிளாக்கில் ஏறி வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், அந்த மணலும் உருண்டையானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. அள்ளுவதே சட்டப்படி தப்பு என்பது தனி. எது எப்படியோ, தரைக்கு மணல் ஓகே, படிக்கு இல்லை. எறும்பு உள்ளே குடியேறி இடுக்கோரம் குட்டிக் குட்டி மண்மேடு கட்டும், அடுத்த மழைக்கு அந்த இடத்தில் ஒரு அரசஞ்செடி தலையை நீட்டும். அரசஞ்செடியைச் சின்னதிலேயே பிடுங்காவிட்டால் பிளாக்கையே தூக்கிவிடும்.

அடுத்தது மேஸ்திரிகளின் செல்லப்பிள்ளை: சிமெண்ட்டையும் மணலையும் உலர்வாகக் கலந்து, மேலே தூவி, பெருக்கி இறக்கி, தண்ணீர் அடிப்பது. "சார், அதெல்லாம் எதுக்கு தனியா ஐட்டம்? சிமெண்ட்டு மணலு தூவி தண்ணி அடிச்சா கல்லு மாதிரி புடிச்சிக்கும்" என்று எங்கள் மேஸ்திரியும் சொன்னார். நல்ல கை அவருக்கு, மட்டம் பிடித்தால் ரசமட்டமே தேவையில்லை, ஆனால் இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. காரணம் எளிது. மேலே தெளிக்கிற தண்ணீர் அரை அங்குலத்துக்குக் கீழே சரியாகப் போவதில்லை. மேலே மெல்லிசாக ஒரு ஓடு கட்டும், அடியில் மாவாகவே கிடக்கும். கலவை அழுத்தி நிரப்பப்படாததால் பிளாக்கின் பக்கச்சுவரில் பிடிப்பும் இல்லை. எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குமே, அந்த நடுக்கத்துக்கே இந்த ஓடு முடி முடியாக விரிசல் விட்டு, அப்புறம் பத்தை பத்தையாகப் பெயரும். அதைவிட மோசம், தூவிய சிமெண்ட் பிளாக்கின் முகத்தில் படிந்து சாம்பல் படலமாக நின்றுவிடும். சிவப்பு பிளாக் வாங்கி இதைச் செய்தால் முதல் நாளே பழைய படி மாதிரி இருக்கும். கறையைப் போக்க ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். ஆசிட் சிமெண்ட்டைத் தின்னும், பிளாக்கும் சிமெண்ட்தான், கறையோடு சேர்த்து பிளாக்கின் மேல்தோலும் நிறமும் போய்விடும்.

இப்போது பாலிமெரிக் சாண்ட். ஆன்லைனில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சன்னமான மணலில் ஒட்டுப்பொடி கலந்து மூட்டையாக வரும். உலர்வாகப் பெருக்கி இறக்கி, தட்டி அமுக்கி, மேலே மிச்சம் இருப்பதைத் துளி விடாமல் ஊதி எடுத்துவிட்டு, பூவாளி மாதிரி மெல்லிய தூறலாகத் தண்ணீர் விட்டால் ஒட்டுப்பொடி இளகி, காய்ந்ததும் மணலைப் பிடித்துக்கொள்ளும். 3 மில்லிமீட்டர் இடுக்கிலும் இறங்கும் என்பதுதான் இதன் பெரிய பலம், ஏற்கெனவே நெருக்கமாகப் பதித்துவிட்ட வீட்டுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. எறும்பும் எளிதில் வராது, துடைப்பத்துக்கும் ஓரளவு தாங்கும்.

அக்கா வீட்டுப் பக்கவாட்டுப் படியில் இதைச் சோதித்துப் பார்த்தோம். நான் வாங்கிய கடையின் பெயர் வேண்டாம், மூட்டையைப் பிரித்தபோதே ஒரு மூலை கட்டி தட்டியிருந்தது, மாற்றிக் கேட்டதற்கு "உதிர்த்துப் போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில். கடல்காற்று அடிக்கிற ஊரில் ஈரம் பட்டால் கட்டியாகும் பொருளைக் கிழிந்த பாலித்தீனில் வைத்து விற்பது என்ன வியாபாரமோ. அது போகட்டும், மீதியைப் போட்டோம். போட்டு முடித்தபோது பார்க்க அவ்வளவு நேர்த்தி, வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. வடகிழக்குப் பருவமழை வந்து விடாமல் ஊற்றியபோதுதான் சாயம் வெளுத்தது. கீழே கான்கிரீட், தண்ணீர் வடிய வழியில்லை, இடுக்கு நாள் கணக்கில் ஊறிக் கிடந்தது. ஊறினால் இந்த ஒட்டு மறுபடி இளகும். விரலால் குத்தினால் உள்ளே போகிறது. முன் விளிம்பு ஓரத்தில் கரைந்து இறங்கியே விட்டது. உள்பக்க இடுக்குகள் காய்ந்ததும் மறுபடி இறுகிக்கொண்டன, அதையும் சொல்ல வேண்டும். பொருள் மோசம் என்று சொல்ல மாட்டேன், அது தண்ணீர் கீழே வடிகிற படுகைக்காகச் செய்த பொருள், மூட்டையின் பின்பக்கத்திலேயே வடிகால் வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. போர்டிகோவிலோ மணல் படுகை போட்ட நடைபாதையிலோ போட்டால் 5-க்கு 4 கொடுப்பேன். கான்கிரீட் படிக்கு 2.

இன்னொன்று, போடுகிறவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். ஊதி எடுக்காமல் விட்ட பொடி மேல் தண்ணீர் பட்டால் பிளாக் முகத்தில் பால் படலம் மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், கறுப்பு பிளாக்கில் பளிச்சென்று தெரியும். போட்டபிறகு ஒரு நாளாவது மழை கூடாது. பொங்கலுக்கு அப்புறம் மே வரை வைத்துக்கொள்ளலாம், ஜூன் ஜூலையில் சாயங்காலம் திடீரென்று இடி மழை வந்துவிடுகிறது, நம்ப முடியாது.

டப்பாவில் வரும் ரெசின் ஜாயிண்ட் கலவை என்று ஒன்று இருக்கிறது, காற்றுப்புகாத பையில் அடைத்திருப்பார்கள், பிரித்தால் காற்றுப் பட்டே இறுகும். ஈரத்திலேயே போடலாம் என்பது நம் ஊருக்கு வசதி. பெரம்பூரில் மச்சான் வீட்டில் போட்டார்கள், இறுகியபிறகு உண்மையிலேயே கெட்டி, துடைப்பத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் பையைப் பிரித்துவிட்டால் மொத்தத்தையும் அதே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும், நடுவில் மேஸ்திரி டீ குடிக்கப் போனால் பாதிப் பை வீண். அகலமும் ஆழமும் உள்ள இடுக்குதான் இதற்குச் சரி, நெருக்க இடுக்கில் மேலோடு நின்றுவிடும். தண்ணீரை உள்ளே விடும் பொருள் என்பதால் கான்கிரீட் மேல் போடும்போது அந்தத் தண்ணீர் வெளியேற எங்காவது வழி வைக்க வேண்டும். இங்கே ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள், வரவழைத்துத்தான் வாங்க வேண்டும், விலையைக் கேட்டால் பிளாக்கின் விலை மறந்துவிடும்.

எபாக்ஸி, டைல்ஸுக்குப் போடுவது. வேண்டாம். சொரசொரப்பான பிளாக்கில் பட்டால் துடைக்க முடியாது, வெயிலில் மஞ்சளடிக்கும். பாத்ரூமோடு அதன் வேலை முடிந்தது. ஒயிட் சிமெண்ட்டும் அப்படித்தான், துறைமுகமும் மணலியும் அனல்மின் நிலையமும் சுற்றி இருக்கிற ஊரில் வெள்ளை இடுக்கு வெள்ளையாக இருக்கும் என்று நம்புவது பேராசை.

கடைசியாக என் ஓட்டு வாங்கியது. எஸ்பிஆர் லேட்டக்ஸ் என்பது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் திரவம், வாட்டர்புரூஃபிங் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும், டாக்டர் ஃபிக்ஸிட் பிடிகிரீட் யூஆர்பி என்று கேட்டால் பையன்கூட எடுத்துக் கொடுப்பான், மற்ற கம்பெனிகளும் இதே வகையை வேறு பெயரில் விற்கின்றன. சிமெண்ட் ஒரு பங்கு, சலித்த பிசாண்ட் மூன்று பங்கு, தண்ணீரோடு லேட்டக்ஸை டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலந்து பிசைந்தால் சாதாரணக் கலவையைவிடப் பிடிப்பு அதிகம், தண்ணீர் உறிஞ்சுவது குறைவு, லேசான அசைவுக்கு உடனே விரிசல் விடாது. புதிதாகப் படி கட்டுகிறவர்கள் பிளாக்கையே கலவையில் உட்கார வைத்து, நடுவில் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லிவிடுங்கள், அந்த அளவுக்குக் கம்பித்துண்டு வைத்துப் பதித்தால் வரிசை கோணாது. பக்கவாட்டில் குமிழ் வைத்த பிளாக் என்றால் அது தானாக 2, 3 மில்லிமீட்டரில் நின்றுவிடும் என்று நினைத்து ஒட்டி வைப்பார்கள், கூடவே நிற்க வேண்டும்.

கலவையைக் கரண்டியால் இடுக்கில் திணித்தால் பாதி பிளாக் மேல்தான் போகும். கெட்டியான பிளாஸ்டிக் கவரில் கலவையை நிரப்பி, மூலையைக் கத்தரித்து, மருதாணிக் கோன் மாதிரி பிழிந்துவிடுங்கள். அடியிலிருந்து மேலே வர வேண்டும், மேலாகப் பிழிந்தால் உள்ளே காற்று நிற்கும். 25 மில்லிமீட்டர் ஆழமாவது நிரம்ப வேண்டும். அப்புறம் கொஞ்சம் சுண்டவிட்டு, கட்டை விரலால் அழுத்தினால் தடம் விழுகிறது ஆனால் ஒட்டவில்லை என்கிற பதத்தில், வளைத்த கம்பியால் ஓட்டி அழுத்தினால் கலவை பிளாக்கோடு இறுகி, மேலே லேசாகக் குழிந்து பளபளப்பாக நிற்கும். இந்த அழுத்துதலில்தான் விஷயமே இருக்கிறது, இதைச் செய்யாமல் பூசிவிட்டுப் போகிற ஜாயிண்ட் ஒரு மழைக்குத் தாங்காது. பிளாக்கை முன்கூட்டி நனைக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. உச்சி வெயிலில் வேலை வைக்காதீர்கள், சூடான பிளாக் கலவையின் ஈரத்தை உடனே குடித்துவிடும்.

கலவையை ஈரமாக வைத்து இறுகவிடும் கியூரிங் விஷயத்தில்தான் மேஸ்திரியோடு கொஞ்சம் வாக்குவாதம். அவர் பழக்கப்படி ஒரு வாரம் காலை மாலை தண்ணீர் அடிக்கப் பார்த்தார். சாதாரணக் கலவைக்கு அது சரி. லேட்டக்ஸ் கலவைக்கு முதல் நாள் ஈரச் சாக்கு போட்டால் போதும், அப்புறம் காயவிட வேண்டும், காய்ந்தால்தான் அந்த லேட்டக்ஸ் உள்ளே படலமாகப் பிடிக்கும். "தண்ணி ஊத்தாத சிமெண்ட்டு வேலைய நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். டப்பாவைக் காட்டியபிறகு விட்டுவிட்டார்.

கலவைத் தண்ணீரையும் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை, கம்பி போட்டதற்கு 500 வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் வேலையில் கம்பி இல்லை, வலு குறைந்துவிடும் என்பதல்ல பயம், உப்பு பூக்கும் என்பதுதான். இரண்டு குடம் மெட்ரோ வாட்டர் போதும், அதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

பதிக்கும்போதே படியை முன்பக்கம் லேசாகச் சரிக்கச் சொல்லுங்கள், ஒரு அடி அகலத்துக்கு 3, 4 மில்லிமீட்டர் போதும். தண்ணீர் தேங்கினால் எந்த ஜாயிண்டும் நிற்காது. படி வீட்டுச் சுவரைத் தொடுகிற கோட்டில் மட்டும் சிமெண்ட் கலவை வேண்டாம், சுவரும் படியும் தனித்தனியாக அசையும், அங்கே விரிசல் நிச்சயம். 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, மேலே இடைவெளி அடைக்கிற பாலியூரிதேன் பசையை (சீலண்ட்), சிகாஃப்ளெக்ஸ் மாதிரி, பிழியும் கன்னில் போட்டு இழுத்துவிட்டால் ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கும்.

சரி, ஏற்கெனவே 3 மில்லிமீட்டரில் பதித்துவிட்ட படி என்றால்? முன் விளிம்பு வரிசையை மட்டும் பெயர்த்து, லேட்டக்ஸ் கலவையில் இடைவெளி விட்டு மறுபடி உட்கார வைத்துவிடுங்கள். வரிசையில் ஒரு பிளாக் குறையும், அல்லது ஓரத்தில் வெட்ட வேண்டியிருக்கும், கட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. உள்பக்க இடுக்குகளுக்கு பாலிமெரிக் சாண்ட் போட்டுக்கொள்ளலாம், மழைக்காலம் முடிந்ததும் பார்த்து, இறங்கிய இடத்தில் மேலே கொஞ்சம் நிரப்ப வேண்டியிருக்கும். அதற்காக மூட்டையில் மிச்சம் வைப்பதானால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வையுங்கள், மூட்டையோடு சுருட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டால் இந்த ஊர்க் காற்றுக்கு அடுத்த வருஷம் அது ஒரே கல்லாக இருக்கும்.

லேட்டக்ஸ் பெரிய கேன் வாங்க வேண்டியதில்லை, ஒரு வாசல் படிக்குச் சின்ன டப்பா போதும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். பாரிமுனையில் கொஞ்சம் மலிவு, ஆனால் பார்க்கிங்குக்கு அலைகிற அலைச்சலுக்கு நான் தெருமுனைக் கடையிலேயே வாங்கிவிட்டேன்.